சாப்பாட்டுக்குப் பின்

இந்தப் பங்குனியிலிருந்து என் தம்பி கச்சேரிக்கு முன்னால் சாப்பிட ஆரம்பித்திருக்கிறான். சிறு வயதிலிருந்து மிருதங்கம் வாசிக்கிறவன் அவன். இதுவரை கச்சேரி நாளில், கச்சேரி முடிவதற்குள், அவன் இலையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மேடையேறுகிறவர்களில் பலருக்கு இந்த வழக்கம் உண்டு. வயிறு நிறைந்தால் மூச்சு நிற்காது என்று பாடுகிறவர்கள் சொல்வார்கள். மிருதங்கக்காரனுக்கு மூச்சுக் கவலை இல்லை. ஆனால் சம்மணமிட்டு, வலது கணுக்காலின் மேல் வாத்தியத்தைச் சாய்த்து, கச்சேரி முடியும்வரை அசையாமல் உட்கார வேண்டும். சாதம் உள்ளே இருந்தால் கண் சொருகும், கை கனக்கும் என்பது தம்பியின் கட்சி. காலையில் இரண்டு இட்லி, அப்புறம் காபி, அப்புறம் இன்னொரு காபி. கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து ரசம் சாதம். மார்கழியில் மதியம் ஒரு சபா, சாயங்காலம் ஒரு சபா என்று ஓடும் நாட்களில் அந்த இட்லியும் கிடையாது.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்ககத்தில் இருக்கிறோம். கீழ்த்தளத்தில் நான். மாடியில் அவனும் அவன் மனைவியும். என் மனைவி போனபிறகு எனக்கும் சாப்பாடு மாடியில்தான். அதனால் அவன் எப்போது சாப்பிட்டான், எப்போது சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாமல் போக வழியில்லை. எதையும் மாதத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். கீழே எழுதுவதும் அந்த வரிசையில்தான் வருகிறது.

கொரோனா ஓய்ந்து சபாக்கள் முழுசாகத் திறந்த வருஷம், ஐப்பசியில், அவனுக்கு வலது தோளில் வலி வந்தது. மேடை இல்லாத காலத்தில் இளைத்துப்போன தோள் என்று முதலில் நினைத்தோம். கையைத் தூக்கிச் சட்டையை மாட்ட முடியவில்லை. அடையாறில் ஓர் எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வீக்கத்தையும் வலியையும் சேர்த்துத் தணிக்கும் ஒரு மாத்திரையை ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின். கூடவே வயிற்றுக்கு ஒரு கேப்ஸ்யூல், காலையில் சாப்பாட்டுக்கு முன். இரண்டையும் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாளே வலி விட்டது. அந்த மாதக் கடைசியில் திரும்பி வந்தது. இந்த முறை அவன் மருத்துவரிடம் போகவில்லை. சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தான், மருந்துக் கடைக்காரரிடம் அதைக் காட்டினான். பிறகு காட்டவும் தேவைப்படவில்லை. அவன் தலை தெரிந்ததும் கடைக்காரர் மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்துவிடுவார். வயிற்றுக்கான கேப்ஸ்யூல் முதல் வாரத்தோடு நின்றுபோயிற்று. அதைப் பற்றி நான் கேட்டபோது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அது வயிறு சரியில்லாதவாளுக்கு அண்ணா. எனக்கு வயித்துல என்ன? தோள்தானே வலிக்கறது."

சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருக்கிறதே, நீ சாப்பிடுவதே இல்லையே என்று அவன் மனைவி ஒருமுறை மடக்கினாள். அவன் காபி டம்ளரைத் தூக்கிக் காட்டினான்.

"இதுவும் ஆகாரந்தான். பால் இருக்கோல்லியோ, சர்க்கரை இருக்கோல்லியோ?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த மார்கழி சீசனில் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் அவனோடு உட்கார்ந்திருந்த ஒரு மதியம் நினைவிருக்கிறது. அவனோடு அதிகம் வாசிக்கும் வயலின்காரர் பெட்டியைத் திறந்தார். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின், மாற்றுத் தந்தி, அதன் பக்கத்தில் மாத்திரைப் பட்டை. அவருக்குக் கழுத்து வலி, வருஷக்கணக்காக. வெற்றிலை நீட்டுகிற மாதிரி தம்பியிடம் பட்டையை நீட்டினார். பாடகரின் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது வழக்கம் அல்லவா, இவர்கள் மாத்திரையையும் அப்படியே சொன்னார்கள்.

"இன்னிக்கு எத்தனை கட்டை?"

"ஒண்ணுதான். ராத்திரி கச்சேரிக்கு ரெண்டு கட்டைக்கு ஏத்திக்கலாம்."

பாடகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தோளோ கழுத்தோ முழங்காலோ, அங்கே எல்லோருக்கும் ஏதோ ஒன்று வலித்தது. ஆனால் யாரும் நோயாளி இல்லை. வாத்தியத்துக்குச் செய்கிற பராமரிப்புபோலத்தான் அதையும் நினைத்தார்கள். தம்பி மாத்திரைகளை வீட்டு மருந்துப் பெட்டியில் வைக்கவே இல்லை. மிருதங்க உறையின் பக்கப் பையில், தொப்பி என்கிற இடது முகத்தில் ஒட்டுவதற்கான ரவை டப்பாவோடும், வாரைத் தட்டிச் சுருதி சேர்க்கும் கல்லோடும் அவை கிடந்தன.

இரண்டு சீசன் இப்படிப் போயிற்று. தோள் குணமாகவில்லை. ஆனால் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். கோடைக்காலக் கச்சேரிகளில் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டான், மார்கழியில் தினமும்.

போன சித்திரையில் வயிற்றில் லேசாக எரிந்தது. கேண்டீன் வடைமேல் பழி போட்டான். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து பாட்டிலில் வந்தது, குடித்தான், எரிச்சல் போயிற்று. ஆவணியில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தான். உள்ளங்கை வெளுத்திருப்பதை அவன் மனைவிதான் முதலில் கவனித்தாள். இதயமாக இருக்குமோ என்று பயந்து, லஸ் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். இதயம் ஒழுங்காக இருந்தது. ரத்தம்தான் பாதியாகக் குறைந்திருந்தது.

டாக்டர் மூலம் உண்டா என்று கேட்டார். இல்லை. சாப்பாடு எப்படி? சைவம், கொஞ்சம் குறைவு. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

"ப்ரஷர் மாத்திரை மட்டுந்தான் டாக்டர்."

அவன் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியும் திருத்தவில்லை, என் வாயிலும் வரவில்லை. மருந்துப் பெட்டியில் இருப்பதுதான் மருந்து என்று எங்கள் மூன்று பேருக்குமே மனதில் பதிந்திருந்தது. மிருதங்கப் பையில் இருப்பது மிருதங்கத்தைச் சேர்ந்தது.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். வயிற்றையும் உள்ளே பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். சீசன் முடியட்டும் என்று தம்பி தள்ளிப்போட்டான். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கறுத்துத்தான் போயிற்று. தாரைப் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, வேறு ஒரு நாற்றத்தோடு. அவன் அதை எங்களிடம் சொன்னதே சந்தோஷமாகத்தான் சொன்னான். மருந்து வேலை செய்யறது, பார் என்றான்.

மார்கழி இரண்டாம் வாரம், தி.நகரில் ஒரு சபாவில் மதியக் கச்சேரி. அவன் மனைவியும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். பிரதான ராகம் முடிந்து, தாளவாத்தியத்துக்கே உரிய தனி ஆவர்த்தனத்தை அவனுக்கு விட்டார்கள். அவன் தனி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நிதானமாக ஆரம்பித்து, நடையை மாற்றி, கணக்குகளைக் கட்டி, ரசிகர்கள் தொடையில் தாளம் போட்டுத் தடுமாறும்வரை கொண்டுபோய்த்தான் முடிப்பான். அன்று நடை மாறவில்லை. கொஞ்சம் வாசித்துவிட்டு நேராக முடிப்புக்கான மோராவுக்குப் போய், கோர்வை வைத்து முடித்துவிட்டான். வயலின்காரர் திரும்பி அவனைப் பார்த்தார். சபை கைதட்டியது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த அரங்கில் அவன் ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது.

மங்களம் முடிந்ததும் பின்பக்கம் போனோம். கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாந்தி எடுத்திருந்தான்.

"ஒண்ணுமில்லை அண்ணா. காபி. வெறும் வயத்துல குடிச்சேன், திரும்பிடுத்து."

தொட்டியைப் பார்த்தேன். காபிதான் என்று நானும் நம்பத் தயாராக இருந்தேன். கரும்பழுப்பு. அடியில் பொடிப்பொடியாக மண்டி. காலையிலிருந்து காபியைத் தவிர வேறு எதுவும் அவன் உள்ளே போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவன் மனைவி குழாயைத் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"பில்டர் காபில மண்டி ஏது?" என்றாள்.

பொடி பில்டரிலேயே தங்கிவிடும். டம்ளருக்கு வராது. அவள் தினமும் காலையில் அந்தப் பில்டரைத் தட்டிக் கழுவுகிறவள்.

வாத்தியத்தை வயலின்காரரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் முதலில் தயங்கினார். "இன்னா சார், சரக்கா? வண்டில வாந்தி எடுத்துடப் போறாரு." உடம்பு சரியில்லை என்றதும் தம்பியின் நெற்றியையும் ஜிப்பாவையும் ஒரு தடவை பார்த்தார். சந்துகளில் புகுந்து அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார், என்னென்ன மாத்திரை என்று. ப்ரஷர், இரும்பு என்று தம்பி எண்ணிச் சொன்னான். அதற்குள் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வயலின்காரர் வந்துவிட்டிருந்தார். அவர் பக்கப் பையைத் திறந்து, ரவை டப்பாவை ஒதுக்கி, பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதையும் சேத்துக்கோங்கோ டாக்டர்."

எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். கொரோனா முடிந்த வருஷத்து ஐப்பசியிலிருந்து என்று நான்தான் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வயலின்காரரை நிமிர்ந்து பார்த்து, நீங்களும் போடுவீர்களா என்றார். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்போதாவது என்றார்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் ஆழமான புண், அதன் நடுவில் கசியும் ரத்தக் குழாய். அதற்குக் கிளிப் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தான்.

மறுநாள் வயிற்று மருத்துவர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். நடுவயதுப் பெண்மணி. குரலை உயர்த்தாமல், மிரட்டாமல் பேசினார். இவ்வளவு பெரிய புண் இருந்தும் எப்படி வலிக்காமல் இருந்தது என்று நான் கேட்டேன். வலியை மறைப்பதுதானே அந்த மாத்திரையின் வேலை என்றார். பலருக்கு முதல் அறிகுறியே ரத்தம்தான், தாரைப் போல வந்த கறுப்பும் தொட்டியில் கண்ட மண்டியும் அதுதான் என்றார். அவன் மனைவி தனக்கு முக்கியமான ஒன்றைக் கேட்டாள்.

"சாப்ட்டுட்டுப் போட்டிருந்தா வந்திருக்காதா டாக்டர்?"

"எரிச்சல் வேணா கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும். புண் வந்துதான் இருக்கும்மா. மாத்திரை வயித்துல உக்காந்துகிட்டு மட்டும் புண் பண்றதில்லை. ரத்தத்துல கலந்து வயித்தோட பாதுகாப்பையே எடுத்துடுது. இதையே ஊசியாப் போட்டாலும் அப்படித்தான். கேப்ஸ்யூலை விடாம சாப்பிட்டிருந்தா ஆபத்து குறைஞ்சிருக்கும்."

"இனிமே கேப்ஸ்யூலோட சேத்துப் போட்டுக்கலாமா?" இது தம்பி, சக்கர நாற்காலியிலிருந்து.

"உங்களுக்குக் கூடாது சார். ஒரு தடவை ரத்தம் போனவங்களுக்கு மறுபடியும் போக வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வர நேரம் இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நான் வாசிக்கணுமே டாக்டர்."

"வாசிங்க. மாத்திரை இல்லாம வாசிங்க."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார்.

அவன் வீடு திரும்பிய பிறகு ஒரு பகல் முழுக்கக் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இறைச்சியைக் கரைக்கும் அமிலம் வயிற்றில் இருக்கிறது, ஆனால் வயிறு தன்னையே கரைத்துக்கொள்வதில்லை. வழவழப்பான ஒரு படலம் உள்சுவரைக் காக்கிறது. அந்தப் படலத்தைச் சுரக்கச் சொல்லும் பொருளும், தோளில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் பொருளும் ஒரே குடும்பம். மாத்திரை அந்தக் குடும்பத்தை அடக்குகிறது. தோள் எது வயிறு எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. புத்தகங்களில் இதற்கு மேலும் நிறைய இருந்தது. குடலைப் பற்றி, சிறுநீரகத்தைப் பற்றி. மூடி வைத்துவிட்டு வந்தேன். அவனைக் காப்பாற்றும் வரி எதுவும் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

தை மாதம் முழுக்க அவன் நல்ல நோயாளியாக இருந்தான். வேளைக்குச் சாப்பிட்டான். கேப்ஸ்யூலைத் தவறவிடவில்லை. காபியை விட்டான். உள்ளங்கையில் சிவப்பு திரும்பியது. எலும்பு மருத்துவர் தோளைப் படம் எடுத்துப் பார்த்து, தசைநார் கிழிந்து தேய்ந்திருக்கிறது என்றார். அறுவைச் சிகிச்சை செய்தால் கை தூக்க வரலாம், வாசிக்க வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பாராசிட்டமால், ஒத்தடம், தேய்க்க ஒரு களிம்பு, பயிற்சி. தினமும் காலையில் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

மாசியில் ஒருநாள் மேலே மிருதங்கச் சத்தம் கேட்டது. கீழே நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன். பாடம் ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைத்தான் வாசித்தான். தத், தித், தொம், நம். இடது கையின் தொம் ஆழமாக விழுந்தது. வலது கையில் நான்கைந்து சொல்லுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. விட்டுப்போன இடத்துக்குத் திரும்பிவந்து மறுபடி தொடங்கினான். அங்கேயே மறுபடி விட்டது. இப்படி வெகுநேரம். பிறகு உறையின் ஜிப்பை இழுக்கும் சத்தம். பாராசிட்டமால் அந்தத் தோளை ஒன்றும் செய்யவில்லை. மருத்துவர் சொன்னதையெல்லாம் அவன் செய்து பார்த்துவிட்டான், அதுதான் சங்கடம்.

இதற்குள் செய்தி பரவியிருந்தது. பாடகர்கள் விசாரித்தார்கள், உடம்பைப் பார்த்துக்கோங்கோ என்றார்கள், கச்சேரிக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கைபேசி அடித்தால் அவன் முகம் நிமிரும். வங்கி, கேஸ் சிலிண்டர் என்று தெரிந்ததும் இறங்கும். பேச்சும் குறைந்தது. அவன் மனைவி ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, இவர் இருக்கார் அண்ணா, ஆனா ஆத்துல இல்லை என்றாள்.

பங்குனி உற்சவக் கொடி ஏறியிருந்த வாரம். அவன் பல வருஷம் பக்கவாத்தியம் வாசித்த ஒரு பாடகர் கூப்பிட்டார். அடையாறில் ஒரு சின்னக் கச்சேரி, போட்டிருந்த ஆளுக்கு ஜுரம், சும்மா கூட உட்கார்ந்தால் போதும். சரி என்று சொல்லிவிட்டான். தோள் எப்படி என்று மட்டும் நான் கேட்டேன். பார்த்துக்கலாம் என்றான்.

அன்று நான் காபிக்காக மாடிக்குப் போனபோது வெயில் இன்னும் தாழவில்லை. அவன் குளித்து, விபூதி இட்டு, சமையலறை வாசலில் நின்றான். தட்டு போடச் சொன்னான். அவன் மனைவிக்கு முதலில் புரியவில்லை. கச்சேரிக்கு முன்னாலா என்று கேட்டாள். கேட்டவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்துவிட்டது. மதியம் மிஞ்சிய ரசத்தைச் சூடு பண்ணினாள், அப்பளம் சுட்டாள். அவன் கீழே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டான். ரசம் சாதம், அப்புறம் மோர் சாதம்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.

கரண்டியைச் சாதத்தில் வைத்தவள் அப்படியே நின்றாள். பசியில் கேட்டது இல்லை அது. மாத்திரைக்கு வயிற்றில் அடி போட்டுக்கொள்வதற்குக் கேட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன்.

"வாசிங்கன்னுதான் சொன்னார்."

"மீதியையும் சொன்னார்."

அவன் தட்டை வழித்து முடித்தான். எழுந்து கை கழுவினான். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் எப்போதும் அப்படித்தான் துடைப்பான்.

"முன்னாடி போடறதைக் காலம்பறவே போட்டுண்டுட்டேன் அண்ணா. இப்போ சாப்ட்டும் ஆச்சு. முதல்ல எழுதிக் குடுத்தாரே, அதுல இருக்கிறபடிதான் எல்லாம் பண்றேன்."

அதுதான் உண்மை. அடையாறு எலும்பு மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிய அந்தச் சீட்டை, ஒரு வரி விடாமல், அவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பின்பற்றினான். உள்ளே போனான். பக்கப் பையின் ஜிப் திறந்தது. சொம்பிலிருந்து தண்ணீர் சாய்க்கும் சத்தம் கேட்டது. அவன் மனைவி போடாத சாதத்தைக் குண்டானிலேயே திருப்பிக் கொட்டி மூடினாள். மூடிய தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவனைத் தடுக்கப் போகவில்லை. பத்து நாள் முன்னால் அவன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சுவாமி புறப்பாட்டுக்காக மாட வீதியை அடைத்திருந்தார்கள். ஆட்டோ உள்ளே வராது, லஸ் முனைவரைக்கும் நடக்க வேண்டும். மாத்திரை இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கவில்லை, அவனால் தோளில் எதையும் மாட்டிக்கொள்ள முடியாது. அதனால் மிருதங்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். பலா மரம், நல்ல கனம். படியில் இறங்கும்போது பக்கப் பை இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. அவன் முன்னால் போனான். படியில் எங்கேயும் நிற்கவில்லை, கைப்பிடியையும் பிடிக்கவில்லை.

கச்சேரி நன்றாக இருந்தது. தனியில் நடையை மாற்றினான். அதற்குப் பின் மூன்று கச்சேரிகளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். காலையில் அவன் குளியலறையிலிருந்து வரும்போது அவன் மனைவி மலத்தின் நிறம் என்ன என்று கேட்கிறாள். சரியாத்தான் இருக்கு என்கிறான். இரும்பு மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை, அதனால் எப்படியும் கறுப்புத்தான்.